யெஸ் பொத்தான்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. தி.நகர் ஜவுளிக்கடையின் பில் கவுன்டரில் தேவானை தலைநிமிர நேரமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே கூட்டம் நெட்டித் தள்ளியது. டோக்கனை வாங்கு, எண்ணை அடி, திரையில் பெட்டி வரும், என்டர் தட்டு. அடுத்த டோக்கன்.

விண்டோஸ் பில்லிங் அந்தக் கடைக்குப் புதிது. பழையது கறுப்புத் திரையில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. இதுவோ தொட்டதற்கெல்லாம் திரைநடுவே ஒரு பெட்டியைப் போட்டு இங்கிலீஷில் கேள்வி கேட்டது. பில் போடட்டுமா, அச்சடிக்கட்டுமா, அடுத்ததற்குப் போகட்டுமா. கீழே யெஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள். என்டர் தட்டினால் யெஸ். கூடவே வந்த மவுஸை, புடவை வைக்க இடம் போதவில்லையென்று மேனேஜர் நாகராஜ் பிடுங்கி உள்ளே பூட்டிவிட்டார். முதல் நாள் தேவானை பெட்டியை எழுத்துக்கூட்டிப் படிக்கப் போக, வரிசை நின்றுவிட்டது. நாகராஜ் பின்னால் வந்து நின்றார்.

"படிச்சுக்கிட்டு இருந்தா கடை நடக்குமா? பெட்டி வந்தா என்டர் தட்டு. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து கண் டோக்கனில் இருந்தது, விரல் பதில் சொன்னது.

இன்று விளக்குப் போடும் நேரத்தில் ஒரு பெட்டி வந்தது. தட்டினாள். திரையில் வரிசையாக இருந்த அன்றைய பில்கள் மளமளவென்று மறைந்தன. பக்கத்துக் கவுன்டர்களிலும் திரை வெறுமையாக நின்றது.

புரோகிராம் எழுதிய நீரஜாவை மந்தைவெளியிலிருந்து ஆட்டோ வைத்து அழைத்து வந்தார்கள். கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோய், இருக்கும் பில்களை அழித்துவிடலாமா என்று அந்தப் பெட்டி கேட்டிருக்கிறது. போனது போனதுதான் என்றாள். முதலாளி வைரவனின் முகம் கறுத்தது.

"கேக்காம அழிக்கலை சார்," என்றாள் நீரஜா, தரையைப் பார்த்தபடி. "பாக்ஸ் கேட்டிருக்கு. இவங்கதான் யெஸ் குடுத்திருக்காங்க."

சிந்தாதிரிப்பேட்டையில் புருஷன் வேலை பார்த்த அச்சகம் மூடியதிலிருந்து, தேவானை வீட்டில் அடுப்பு எரிவது இந்த நாற்காலியால்தான். ஆனாலும் சொன்னாள்.

"எல்லாப் பொட்டியும் ஒரே மாதிரிதான் சார் கீது. என்டர் தட்டச் சொன்னதே மேனேஜர் சார்தான்."

படித்துவிட்டுத் தட்டு என்றுதான் சொன்னதாக நாகராஜ் கூசாமல் சொன்னார். மற்ற கவுன்டர் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கும் அடுப்பு இருந்தது. எதுவும் ஞாபகமில்லை என்றார்கள்.

"வாசிக்காமலே சரின்னு சொல்லுற ஆள வச்சு நான் எப்படிம்மா யாவாரம் பண்ண?" என்றார் வைரவன், கோபமில்லாமல். "நாளைலேருந்து வர வேண்டாம்."

டிபன் பாக்ஸை எடுக்க அவள் கவுன்டருக்கு வந்தபோது, சேலைப் பிரிவு லாவண்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீரஜா குனிந்து எதையோ மாற்றினாள். வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பில்களை அழிக்கக் கேட்கும் அந்தப் பெட்டிக்கு மட்டும் இனி என்டர் தட்டினால் நோ என்று போகும் என்று நாகராஜிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, காத்திருந்த கூட்டத்தைக் கவுன்டருக்கு விட்டார்.

முதல் பெட்டி வந்தது. லாவண்யா உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் படிக்க வேணாம்மா," என்றார் நாகராஜ். "பெட்டி வந்தா என்டர் தட்டு."

தேவானை குனிந்து மேஜைக்கடியில் கைவிட்டாள். லாவண்யா திரும்பிப் பார்க்காமல், டிபன் பாக்ஸை எடுக்க வாகாகக் கால்களை மட்டும் ஒதுக்கிக்கொண்டு, என்டர் தட்டினாள்.