சுத்துக்காட்டில் சிவப்பு பனியன்

அந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சுற்றுவார்கள். காலையில் கலங்கரை விளக்கத்தில் ஏறி மூச்சு வாங்குவது, வெயில் ஏறியதும் படகுக் குளத்தில் பெடலை மிதித்துக் கால் வலியைக் காசு கொடுத்து வாங்குவது, மதியம் கல் திமிங்கிலத்தின் வாய்க்குள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது. இதெல்லாம் முடிந்து, குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்து, பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்கும் நேரம் பார்த்துக் கடற்கரைப் பூங்காவின் செடிப்புதிருக்குள் நுழைவார்கள். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிற குடும்பம் எதற்காக வழி தெரியாத இடமாகத் தேடிப் போகிறதோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

வாசலில் 'பசுமைப் புதிர்' என்று பலகை மாட்டியிருக்கும். பூங்காவில் வேலை செய்கிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. சுத்துக்காடு என்றால்தான் தெரியும். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த வேலிச்செடிகள், நடுவில் வளைந்து வளைந்து போகும் மண்பாதை, பாதிக்குப் பாதி முட்டுச்சந்து. பூங்கா பக்கம் ஒரு வாசல், கடல் பக்கம் ஒரு வாசல். மையத்தில் ஓர் இரும்பு மேடை. அந்த மேடையில் குடைக்குக் கீழே மைக்கும் கையுமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். தொலைந்தவர்களை வெளியே கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை.

அந்த வேலைக்கென்று சில முறைகள் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒரு பேரைச் சொன்னால் அந்தப் பேர்க்காரர்கள் நாலு பேர் திரும்புவார்கள், நாலு பேரும் தப்பாகப் போவார்கள். சட்டையின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "நீலச் சட்டை அண்ணா, வலது பக்கம் வாங்க. உங்க வலது. சாப்பிடுற கை." "தொப்பி போட்ட ஐயா, அது செடி, கதவு இல்ல, தள்ளாதீங்க." மூணு வயசுக் குழந்தையாக இருந்தாலும் மைக்கில் மரியாதைதான். மூடுகிற நேரம் வந்ததும் கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வாள். "எல்லாரும் பத்திரமா போயிட்டு வாங்க." யோசித்துச் சொல்வதில்லை. வீட்டு வாசலில் நின்று நாம் எல்லோரும் சொல்வதுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் பக்கத்துக் கடற்கரையில் லைஃப்கார்டு. சிவப்பு பனியன், கழுத்தில் விசில். சாயங்காலம் வேலை முடிந்ததும் ரோட்டைச் சுற்றி வராமல், கடல் பக்கத்து வாசலில் புகுந்து சுத்துக்காட்டு வழியாக அவளைக் கூட்டிப்போக வருவார். பாதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அவள் சொல்கிற பக்கம்தான் திரும்புவார். அவள் சும்மா இருப்பாளா? "சிவப்பு பனியன் சார், இடது பக்கம் வாங்க" என்று கூப்பிட்டு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். அங்கே நின்று அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துச் சிரிப்பார். ஊர் கேட்கிற மைக்கில் பெண்டாட்டி தன்னைச் சுற்றவிடுகிறாள் என்பதில் மனுஷனுக்கு ஒரு பெருமை.

கடல் கலங்கியிருந்த ஒரு மத்தியானம், குளிக்கப் போன வாலிபன் ஒருவனை அலை இழுத்துக்கொண்டு போனது. அவர் பாய்ந்தார். வாலிபனைக் கரைக்குத் தள்ளிவிட்டார். அவர் வரவில்லை. படகு போட்டுத் தேடினார்கள், கரையோரம் முழுக்க நடந்து தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. நாத்தனார் வந்து, "ஹால்ல அண்ணன் போட்டோவ மாட்டிடலாமா அண்ணி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எதுக்கு? அவர் இன்னும் வரல. அவ்வளவுதானே" என்றாள் இவள். யார் கேட்டாலும் இதே பதில்தான்.

மழைக்காலத்துக்காக மூடியிருந்த பூங்காவை மறுபடி திறந்த அன்று, அவர் வந்தார்.

கூட்டமெல்லாம் வெளியேறிவிட்டதா என்று அவள் மேடையிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கடல் பக்கத்து வாசலை ஒட்டி ஒரு சிவப்பு பனியன் நின்றது. முதுகு மட்டும் தெரிந்தது. பனியன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவள் பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது கோபம். இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தார் என்று, வீட்டில் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தவளுக்கு வருகிற கோபம். அந்தக் கோபத்திலேயே மைக்கை எடுத்தாள்.

"சிவப்பு பனியன் சார். நேரா வாங்க."

பனியன் நேரே நடந்தது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவள் சுற்றவிட்டாள். பழையபடி முட்டுச்சந்துகளில் நிறுத்தி நிறுத்திச் சுற்றவிட்டாள். மேடைப் பக்கம் மட்டும் வரவிடவில்லை. கிட்டே வந்து, நிமிர்ந்து பார்த்து, அது அவர் முகமாக இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? அந்த ஒரு பயம்தான் அவளுக்கு இருந்தது. வெளிச்சம் குறைந்ததும் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். "பத்திரமா போயிட்டு வாங்க." பனியன் திரும்பிக் கடல் வாசல் வழியாகப் போய்விட்டது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவள் சந்தோஷமாக இருந்தாள். வேலைக்குப் போகும்போது தலையைப் படிய வாரிக்கொண்டாள். சாயங்காலம் ஆக ஆகக் குரலில் ஒரு துள்ளல் வந்தது. செத்தவரோடு குடும்பம் நடத்துகிறோம் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்து வருகிறார், கொஞ்சம் பேசுகிறோம், போகிறார். எத்தனையோ வீடுகளில் இவ்வளவுகூடக் கிடையாது.

முதலில் கண்டுபிடித்தவர் தோட்டக்காரர். செடியைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காத மனுஷர். ஒரு காலை மேடைக்கு அடியில் வந்து நின்றார்.

"ஏம்மா, வேலிச்செடி அங்கங்க கருகிப்போய்க் கிடக்குது. பாத்தியா?"

"பூச்சியா இருக்கும்ணா."

"பூச்சி இல்ல. உப்பு. யாரோ கடல் தண்ணியோட செடிய உரசிக்கிட்டே நடந்த மாதிரி ரெண்டு பக்கமும் கருகியிருக்குது. முட்டுச்சந்துல எல்லாம் ரொம்ப அதிகம். அங்க போய் எவன் நிப்பான்?"

அவள் மைக்கின் வயரைச் சுற்றினாள். சுற்றி முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசியா அவர்கிட்ட என்ன சொல்லி அனுப்புற?"

"என்ன சொல்லுவேன், எல்லாருக்கும் சொல்றதுதான். போயிட்டு வாங்கன்னு."

"அப்புறம் வராம என்ன பண்ணுவார்? உன் பேச்சத் தட்டாத மனுஷன். நீ வாங்கன்னு சொல்ற, அவர் வர்றார்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரும்மா. அவ்வளவு தூரத்துலருந்து தினமும் வரணும். கால் வலிக்காதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் கவனித்துப் பார்த்தாள். நடை முன்னைப் போல இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் வந்தது. பனியனின் சிவப்பு வெளுத்திருந்தது. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னாள். அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட அவளால் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, எவ்வளவு பெரிய சண்டையிலும், அதை விட்டுவிட்டு அவரை வாசல் தாண்ட அனுப்பியதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் முதல் வருஷம். வகுப்பு முடிந்ததும் பூங்காவுக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருப்பாள். காலியான சுத்துக்காட்டுக்கு மைக்கில் வழி சொல்லிக்கொண்டிருக்கிற அம்மாவைப் பல நாள் பார்த்துவிட்டாள்.

"உள்ள யாரும்மா இருக்காங்க? யாருக்குச் சொல்ற?"

"யாருமில்லடி. பழக்கதோஷம்."

"யாருமில்லன்னா ஏம்மா சிரிக்கிற?"

அம்மா குடையை மடக்கப் போய்விட்டாள். மகளுக்குத் தூக்கம் போனது. அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று, அம்மாவையும் ஏதோ கொண்டுபோகிறது என்று அவளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'பாரு, ஒரு ஈ காக்கா இல்ல' என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். சொன்னால் அம்மா விடமாட்டாள் என்பதால் சொல்லாமலே போனாள்.

அன்று கடலிலிருந்து மூட்டம் போலப் பனி ஏறிக்கொண்டிருந்தது. மேடையில் நின்றவளுக்குச் செடிகளின் தலை தெரிந்தது, பாதை மங்கலாகத் தெரிந்தது. சிவப்பு பனியன் வந்தாயிற்று. "நேரா வாங்க" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பனியனுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சட்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு கையை முன்னால் நீட்டியபடி, எட்டிப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. அவள் மகள்.

"மஞ்சள் சட்டை, நில்லுங்க."

அவள் சொல்லுக்கு மஞ்சள் சட்டை நிற்கவில்லை. பனியன்தான் நின்றது, பிறகு நடந்தது. அது நின்றபோதுதான் மகளும் நின்றாள், அது நடந்தபோது நடந்தாள். அம்மா மறுபடி கூப்பிட்டாள். மகளுக்குக் காது கேட்காத மாதிரி இருந்தது. அவரைப் போலவே தலையைத் தூக்காமல், அவரைப் போலவே ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு போனாள். இறங்கி ஓடலாம் என்றால், கீழே போனால் ஒன்றும் தெரியாது, ஆள் உயரச் செடிக்குள் தானும் தொலைந்துபோவாள். மேலே நின்றால்தான் பார்க்க முடியும். பார்க்கத்தான் முடியும்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் அவரை அனுப்புகிற நேரம். அவளுடைய சொல்லுக்குக் காத்திருக்காமலே பனியன் கடல் பக்கத்து வாசலை நோக்கித் திரும்பிற்று. மகளும் திரும்பினாள். அந்த வாசலுக்கு அப்பால் கொஞ்சம் மணல், அதற்கப்பால் தண்ணீர். இனி 'போயிட்டு வாங்க' என்றால் இரண்டு பேரும் போவார்கள். திரும்பி வருவது யார் என்று யாருக்குத் தெரியும்?

அவள் அந்த வேலையின் முறையை மீறினாள். அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டாள்.

"பாப்பா!"

மகள் நின்றாள். விழித்துக்கொண்டவள் போலச் சுற்றிலும் பார்த்தாள். அவரும் நின்றார். அந்தப் பேரை வைத்தவரே அவர்தான். மெதுவாகத் திரும்பி, முதல் தடவையாக மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் முகம்தான். ஒரு மாற்றமும் இல்லை, களைத்திருந்தது, அவ்வளவுதான். கோபம் இல்லை, ஆசை இல்லை. தினம் நூறு பேர் அந்த மேடையைப் பார்க்கிற அதே பார்வை. எந்தப் பக்கம் போகணும், நீங்க சொல்லுங்க என்கிற பார்வை. இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தாள். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே அவருக்கு வழி தெரியவில்லை. அவள்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நீ அங்கயே நில்லு. அசையாத" என்றாள். பிறகு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க..."

அவர் காத்திருந்தார்.

"நீங்க போங்க."

அவர் நகரவில்லை. மீதி வார்த்தைக்காக நின்றார். அது இல்லாமல் அவரை அவள் அனுப்பியதே இல்லையே, வேறு எப்படி நிற்பார்? அந்த வார்த்தை அவள் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"அவ்வளவுதாங்க. போங்க. நேரா போய் இடது பக்கம். முட்டுச்சந்து இல்ல, இந்தத் தடவ சரியாத்தான் சொல்றேன். போங்க."

பூங்காவுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அது கேட்டது. என்ன இப்படி விரட்டுகிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்களாம். சிவப்பு பனியன் நேரே போயிற்று. இடது பக்கம் திரும்பிற்று. வாசலில் ஒரு கணம் மங்கலாகத் தெரிந்தது, பிறகு பனி மட்டும் இருந்தது.

"பாப்பா, வலது பக்கம் வாடி. உன் வலது. மறுபடி வலது." சொல்லிச் சொல்லி மகளை மேடைக்கே கொண்டுவந்தாள். ஏணிக்குக் கீழே நின்ற மகளின் நீட்டியிருந்த கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"அம்மா, அப்பாவப் பாத்தேன்மா. கூப்பிட்டேன், திரும்பல. நீ ஏம்மா வாங்கன்னு சொல்லல? சொல்லியிருந்தா நாளைக்கும் வந்திருப்பாருல்ல?"

"வந்திருப்பார்டி" என்றாள் அவள். ஏணியில் இறங்கி, கீழ்ப்படியில் நின்றபடியே மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பூங்கா பக்கத்து வாசலுக்கு வந்தார்கள். பூட்டோடு நின்றுகொண்டிருந்த தோட்டக்காரர், பூட்டும் முன் தினமும் கேட்பதைக் கேட்டார்.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்லண்ணா" என்றாள். "அவர் போயிட்டார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.