கீழ்த்தொட்டியில் படிந்த அசதி

இந்த வாரம் தொட்டியில் கை முக்கினவர்கள் பத்தொன்பது பேர், அதில் நாலு பேர் நைட் ஷிப்ட், கனமாகத்தான் இருக்கும் என்று லோகநாயகி மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவள் தன் கணவன் குணசேகரனின் மீன்தொட்டி ஸ்பாஞ்சைக் கசக்கிப் பிழிவாள். அதில் மீன் கழிவோடு குவார்ட்டர்ஸ் ஜனங்களின் அசதியும் ஊறியிருக்கும். எட்டு வருஷமாக அப்படித்தான் நடந்து வந்தது.

தொட்டி வந்தது எண்பத்தேழில். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டிய குணசேகரன், கொளத்தூரிலிருந்து எட்டு தங்கமீன் வாங்கி வந்தான். நாலே நாளில் தண்ணீர் கழுநீராகக் கலங்கி, இரண்டு மீன் மல்லாந்தன. கடையில் விற்கிற வடிகட்டியை அவன் நம்பவில்லை. தொட்டிக்குக் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டியை வைத்தான். மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கி, ஸ்பாஞ்சு, அடுப்புக்கரி, கூழாங்கல் என மூன்று தடுப்பைக் கடந்து, பழைய ஏர்கூலர் மோட்டாரால் மறுபடி மேலே ஏறும். மூன்று ஞாயிறு அளந்து, வெட்டி, ஒட்டினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஸ்பாஞ்சை மட்டும் அவன் விலைக்கு வாங்கவில்லை. படுக்கை மெத்தையில் லோகநாயகி படுக்கும் பக்கத்திலிருந்து, அவளைக் கேட்காமலே அறுத்தெடுத்திருந்தான்.

தண்ணீர் தெளிந்த அன்று, வேலை முடிந்து வந்தவன் குழாயைத் திருப்பிவைக்க மேல்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டான். கையை எடுத்தபோது எட்டு மணி நேர அலுப்பு உடம்பில் இல்லை. மறுநாள் எதிர்வீட்டு தாட்சாயிணி இரண்டு கையையும் முக்கிவிட்டு, "கெரோசின் க்யூவுல நின்ன காலா இது!" என்று கூடத்திலேயே குதித்துக் காட்டினாள். அந்த வாரமே வாசலில் செருப்பு குவிந்தது. மேலே கழன்ற அசதி கீழ்த்தொட்டி ஸ்பாஞ்சில் கறுப்பாகப் படிந்தது. குணசேகரன் அதைப் பிழிந்து வாழையடியில் ஊற்றினான். மரம் மூன்று நாள் படுத்துக் கிடந்து எழுந்தது. அடுத்த முறை சாக்கடையில் ஊற்றினான். மறுநாள் தொழிற்சாலைச் சங்கு ஊதியும் அந்தத் தெருவில் ஒருவரும் எழவில்லை. பால்காரர் சைக்கிளைப் பிடித்தபடியே தூங்கினார். அவன் ஓவர்டைம் போன ஒரு ஞாயிறு லோகநாயகி பிழிந்தாள். வாளித் தண்ணீர் நிறமே இல்லாமல் நின்றது. கறுப்பு அவள் கைவழியே ஏறிவிட்டிருந்தது. "மெத்தை உன்னுதுதானே, அதான் உன் கைக்குப் பணியுது" என்றான் குணசேகரன். "குழாத்தண்ணில மட்டும் அலசாதே, அதுல மருந்து கீது, நல்ல கிருமி பூடும். தொட்டித் தண்ணிலயே கசக்கு." அரிசி களைவது போல, அன்றிலிருந்து அதுவும் அவள் வேலையாயிற்று.

கசக்கும்போதே எது யாருடையது என்று தெரியும். தாட்சாயிணியுடையதில் மண்ணெண்ணெய் வாடை. அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி பழுது பார்க்கும் உலகநாதனுடையது இரும்புத்தூளாக நறநறக்கும். குணசேகரனுடையது எல்லாவற்றையும்விட லேசாக இருந்தது. அதைக் கண்டுகொண்ட நாளில் அவள் வெகுநேரம் வாளியருகே உட்கார்ந்திருந்தாள். ஒரு புதன்கிழமை யாரும் இல்லாதபோது அவளும் கையை முக்கினாள். அசதி போயிற்று. நாலு நாள் இளம்பெண்ணாக வளைய வந்தாள். ஞாயிறன்று அதுவும் சேர்ந்து அவளிடமே திரும்பியது. அதன்பின் முக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் தலை பின்னக் கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஸ்பாஞ்சு பிழிய அவள் உட்காரும் இடத்தில் சிமெண்டுத் தரை இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. பராமரிப்பு ஆட்கள் வந்து பூசிவிட்டுப் போனார்கள். இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் பூசின இடத்தோடு தானும் உள்ளே போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி வந்தார்; அவரும் வாராவாரம் கை முக்குகிறவர்தான். சமுதாயக் கூடத்தில் பெரிய தொட்டியாக வைத்துவிடலாம், வெள்ளானூர் வரைக்கும் ஜனங்கள் கேட்கிறார்கள் என்றார். குணசேகரன் அதற்குள் வரைபடமே போட்டிருந்தான்.

"நாலு ஸ்பாஞ்சு, அவ்ளோதான். வாரத்துக்கு ஒருவாட்டி. இன்னா சொல்றே?"

"உன் கைராசி வேற யாருக்குக்கா வரும்!" என்றாள் கை முக்க வந்திருந்த தாட்சாயிணி. "நான் பிழிஞ்சா தெருவே குறட்டை உடும்."

எல்லோரும் சிரித்தார்கள். லோகநாயகியும் சிரித்தாள். பிறகு கீழ்த்தொட்டியிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து வாளியில் போட்டு, வாளியை அவர்கள் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"நான் பிழியலீங்க."

"இன்னிக்கா?" என்றான் குணசேகரன்.

"இனிமே."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தசாரதி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினார். ஸ்பாஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னுது எந்தப் பக்கம்மா?"

லோகநாயகிக்குத் தெரியும். அவள் காட்டவில்லை.