நலமான பிள்ளையின் ரத்தம்

புண்ணோ காய்ச்சலோ வந்தால் ரத்தத்தில் ஏறும் அழற்சிக் குறிகள், மனம் சோர்ந்த பதின்வயதுப் பிள்ளைகளிடமும் ஏறுகின்றனவா என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. ரத்தம் எடுப்பது அங்கிருந்த ஒரு நர்ஸின் வேலை. சோர்ந்த பிள்ளைகள் நிறைய வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நலமான பிள்ளைகள்தான் கிடைக்கவில்லை. அதனால் தன் மகளையே அழைத்து வந்தாள். வீட்டில் மகளுக்கு வாயாடி என்று பெயர்.

"என்னம்மா, பெத்த பிள்ளை ரத்தத்தையே உறிஞ்சுற?" என்று கேட்டு அங்கிருந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்தாள். ஊசி இறங்கியபோது அவள் முகம் சுளிக்கவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது, சுவரில் மாட்டிய படம்போல.

"வலிக்கலையாடி?"

"எது?"

முடிவு வந்தபோது டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். வாயாடியின் ரத்தத்தில் குறி ஏறியிருந்தது. "குழாய் மாறியிருக்கும். இன்னொரு தடவை எடுங்க" என்றார். எடுத்தாள். அதே ஏற்றம். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பல்லில் சொத்தைகூட இல்லை.

"இதை மட்டும் வச்சு மனசைப் பத்திச் சொல்ல முடியாது சிஸ்டர். எதனால வேணும்னாலும் ஏறும். வீட்ல எப்படி இருக்கா?"

"அவளா? வீடே அதிரும் டாக்டர்."

சொன்ன பிறகுதான் யோசித்தாள். அந்தச் சிரிப்பைத் தவிர மகளைப் பற்றி வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அனுமதி கேட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போனாள். பள்ளி விடுமுறை, மகள் தனியாக இருப்பாள். உள்ளே மூச்சுச் சத்தம் இல்லை. பூட்டில் சாவி திரும்பியதுதான் தாமதம், மகளின் அறையிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"ஐயோ, போதும்டி! வயிறு வலிக்குது. ம்... அப்புறம்?"

கொஞ்சம் இடைவெளி. மறுபடி சிரிப்பு. யாரோ தோழியோடு போனில் பேசுகிறாள் என்று தாய்க்கு உயிர் திரும்பியது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள். மகளின் போன் அங்கே சார்ஜில் கிடந்தது.

அறையில் பேச்சு நிற்கவில்லை.

"கடவுளே, கூடவே இரு" என்று முணுமுணுத்தபடி கதவைத் தள்ளினாள். ஜன்னல் அடைத்திருந்தது. மகள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாயிலிருந்து மட்டும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

யாரிடம் பேசுகிறாய் என்று தாய் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குளிர்ந்து கிடந்த அந்தக் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தேய்க்கத் தேய்க்கச் சிரிப்பு மெல்ல நின்றது.

"சாவி சத்தம் கேட்டா ஆரம்பிச்சுடுவேன்மா. இல்லன்னா நீ பயந்துடுவ."

"பயந்துதான்டி போயிருக்கேன். பரவாயில்ல. ஆளுக்கொரு மூலையில பயப்படுறதுக்கு, ஒண்ணா உட்கார்ந்து பயப்படலாம்."

மகள் திரும்பினாள். அந்த முகத்தைத் தாய் அதுவரை பார்த்ததே இல்லை. வேறு யாரோ வீட்டுப் பிள்ளைபோல இருந்தது. ஆனாலும் தாய் கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர்கிட்ட பேசலாமா கண்ணு?"

மகள் தலையசைத்தாள். "நீயே பேசும்மா. எனக்கு வாய் வரல."

ஒரு கையால் அந்தப் பாதங்களைப் பிடித்தபடி, மறு கையால் தாய் போனில் டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.