எலிக் காதில் போட்ட ஓட்டை

நாற்பது வருஷம் எலிகளோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். லட்சம் எலி மண்டைகளைப் பார்த்திருப்பேன். எங்கள் இயக்குநர் ஹரிகிருஷ்ணனுடையதைப் போலக் காலியான மண்டை ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை.

காலாப்பட்டுப் பக்கம், கடலோரத்தில் தனியார் ஆய்வுக்கூடம்; எலிக்கூண்டுகளைப் பராமரிப்பது என் வேலை. அங்கே சுடர்விழி என்ற முனைவர் பட்ட மாணவி புற்றுநோய் மருந்து ஒன்றைச் சோதித்துவந்தாள். உடம்பின் எதிர்ப்பு அணுக்களுக்குப் பிரேக் போடும் நொதி ஒன்று உண்டு, கைனேஸ் வகை. இந்த மருந்து அந்த நொதியை முடக்கும். அணுக்கள் கட்டியின் மேல் பாயும். கட்டி வளர்ந்த பதினாறு எலிகளில் எட்டுக்கு மருந்து, எட்டுக்கு வெறும் கரைசல். அவளுக்கு மூன்று வருஷ உழைப்பு.

ஆயுத பூஜையன்று எங்கள் இருவரையும் பொரி வாங்க முத்தியால்பேட்டைக்கு விரட்டினார் இயக்குநர். திரும்பினால், கூண்டுகள் கழுவப்பட்டு, சந்தனம் குங்குமத்தோடு மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. எலிகள் பதினாறும் ஒரே தொட்டியில்!

"சார், எது மருந்து குடிச்சதுன்னு எப்படித் தெரியும்?" சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கட்டி சின்னதா இருந்தா குடிச்சது, பெருசா இருந்தா குடிக்காதது. இதுக்குப் போயி அழுவுறியே!"

"காதுல ஓட்டை போட்டு அடையாளம் வச்சிருக்கோம் சார். அதப் பாத்துப் பிரிக்கலாம்."

"அது ஒண்ணையொண்ணு கடிச்ச தழும்பும்மா. எட்டுக்கு எட்டும் குணம்னு எழுது. இல்லன்னா உனக்குப் பட்டம் கெடயாது."

மறுவாரம் ஆய்வுக்குப் பணம் தரும் டில்லி அலுவலகத்திலிருந்து நிர்மலாதேவி அம்மா பார்வையிட வந்தார். இயக்குநர் மார்பை நிமிர்த்தினார். சட்டைப் பொத்தான் தெறித்துக் கடலில் விழுந்திருக்கும்.

"எட்டுக்கு எட்டு மேடம்!"

சுடர்விழி எழுந்தாள். "இல்ல மேடம். காத்தவராயண்ணே, காது அடையாளம் எழுதின நோட்டை எடுங்க."

நான் ஒவ்வொரு எலியாகத் தூக்கிக் காதைக் காட்டினேன். அவள் நோட்டில் சரிபார்த்தாள். மருந்து குடித்த எட்டில் ஆறுக்குத்தான் கட்டி சுருங்கியிருந்தது. குடிக்காத எட்டிலும் இரண்டுக்குக் கட்டி தானாகவே சிறிதாக இருந்தது. அவற்றையும் சேர்த்துத்தான் இயக்குநரின் எட்டு.

"ஆறுன்னா நம்புறேன்," என்றார் நிர்மலாதேவி. "இந்தப் பொண்ணோட கணக்கையே அனுப்புங்க. பட்டத்துக்குப் பரிந்துரை நானே எழுதறேன்."

அவர் கார் ஏறியதும் இயக்குநர் என்மேல் பாய்ந்தார். "அந்த ஓட்டைய எப்பய்யா போட்ட?"

"மூணு வருஷமா நாத்தம்னு மூக்கப் பொத்திக்கினு வாசல்லயே நின்னீங்களே சார், அப்பதான்."