பட்டன்காரியின் வரி

பீரோவின் கடைசித் தட்டையும் அவள் தரையில் கவிழ்த்துவிட்டாள். ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், கேஸ் புத்தகம், தம்பியின் பழைய மதிப்பெண் பட்டியல் என்று எது எதுவோ இருந்தது. அம்மா எழுதிய கவிதை ஒன்றுகூட இல்லை.

"வண்டி நாலு மணிக்கு வந்துடும்க்கா. என்னதான் தேடுறே?" என்று நிலையைப் பிடித்துக்கொண்டு தம்பி கேட்டான்.

"அம்மா எழுதினது. ஏதாவது ஒண்ணு கிடைச்சாப் போதும். எடுத்துட்டுப் போறதுக்குள்ள அவ பக்கத்துல நின்னு படிக்கணும்."

"இத்தனை வருஷமா அதைத் திட்டிக்கிட்டே இருந்தே. இன்னைக்கு என்ன திடீர்னு?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் பொய் இல்லை. தாள்களை அப்படியே விட்டுவிட்டு, அம்மாவைக் கிடத்தியிருந்த முன்னறைக்கு வந்தாள். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாக ஊதியிருந்த அம்மாவின் முகம் இன்று வற்றி, பழைய முகமாகியிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள், "நான் எழுதினதுல ஒண்ணாவது படிச்சிருக்கியாடி?"

மூன்று நாள் தூக்கமில்லாத எரிச்சலில் இவள் சொன்னாள், "படிச்சு என்ன ஆகப் போகுது? நீ எழுதி எழுதி எதை மாத்திட்டே? நம்ம ரெண்டு பேர் வேலை போனதுதான் மிச்சம்."

அம்மா கோபப்படவில்லை. "சரி, அப்புறமாப் படி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்து வாங்கக் கீழே போய்விட்டு இவள் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. நாக்கை அறுத்துப் போடலாமா என்றிருந்தது அவளுக்கு. இருந்து என்ன, சொன்னது சொன்னதுதான்.

இருவரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் இருந்தவர்கள். வெட்டிய துணிகளைக் கட்டாகக் கட்டி, நீளமான சீட்டு ஒன்றைக் கோத்து மிஷின் வரிசைக்கு அனுப்புவது அம்மாவின் வேலை. சீட்டில் வரிசையாகச் சின்னக் கூப்பன்கள் இருக்கும். காலர் தைப்பவள் தன் கூப்பனைக் கிழித்துக்கொள்வாள், கை தைப்பவள் தன்னுடையதை. சாயங்காலம் அவரவர் கூப்பன்களைத் தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்; அன்றைய வேலைக்கு அதுதான் சாட்சி. கூப்பன்களின் பின்பக்கத்தில் அம்மா எதையாவது எழுதி அனுப்புவாள். அம்மாவின் கோணல் எழுத்தைக் கண்டாலே இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். படிக்காமலே பசையைத் தடவிக் கவிழ்த்து ஒட்டிவிடுவாள். ஒருநாள் ஒரு கூப்பன் சூப்பர்வைசர் கையில் சிக்கியது. அன்று மாலையே தாயும் மகளும் வெளியே. ஆறு வருடமாகிறது.

இரண்டரை மணிக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். காலர், கை, பாக்கெட், மடிப்பு. அங்கே யார் எதைத் தைக்கிறாரோ அதுவே பேர். இவள் பட்டன். அம்மா, கட்டு அக்கா.

காலர்தான் மூத்தவள். அம்மாவின் காலருகே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு நேரம் உங்கம்மா பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லடி" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

அழுது அடங்கட்டும் என்று காத்திருந்து இவள் கேட்டாள், "அக்கா, அம்மா எழுதினது உங்க யார்கிட்டயாவது இருக்கா?"

"எல்லாத்தையும்தான் ஒட்டிக் குடுத்துட்டோமே. என் வரி மட்டும் மனசுல இருக்கு."

"உங்க வரின்னா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்றாள் காலர். "ஒரு சீட்டு முழுக்க ஒரே கவிதைடி. ஆளுக்கு ஒரு வரி. எனக்கு வந்தது இவளுக்குத் தெரியாது, இவளுக்கு வந்தது எனக்குத் தெரியாது. முழுசாத் தெரியணும்னா பக்கத்து மிஷின்காரிகிட்டப் போய்க் கேட்டே ஆகணும். பேசினாலே திட்டு விழுற இடம். பாத்ரூம் வாசல்ல நிக்கிறப்போ கேட்டுப்போம்."

நேற்று அம்மாவிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் இவள் கேட்டாள். இந்தமுறை பிச்சை கேட்பது போல இருந்தது. "அதனால ஏதாவது மாறிச்சாக்கா?"

மடிப்புதான் பதில் சொன்னாள். "பாத்ரூம் போகக் கழுத்துல மாட்டிக்கிற பாஸ் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுல்ல, நாப்பது பேருக்கு? இப்போ மூணு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னும் நாங்க தண்ணி குடிக்க யோசிச்சுட்டுத்தான் இருக்கோம். அந்த மூணும் கவிதையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். பதினோரு பேர் மேனேஜர் ரூம்ல போய் நின்னோம், வந்துச்சு. ஆனா ஒண்ணு. அந்தப் பதினோரு பேரும் அதுக்கு முன்னால ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி நிமிர்ந்து பார்க்காதவங்க."

இவள் அம்மாவைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்காமல் பதினாறு வருடம் துணிக்கட்டுக் கட்டிய அம்மா. எவ்வளவு தாமதமாக, எவ்வளவு குறைவாக வந்த மூன்று பாஸ். அதில் ஒன்றைக்கூட அம்மா கழுத்தில் மாட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஒண்ணு சொல்லுங்கக்கா, கேக்கணும். அம்மாவும் கேக்கட்டும்" என்றாள்.

"கடைசியா வந்ததைச் சொல்றோம். மாட்டிக்கிட்டது அதுதான்."

நால்வரும் எழுந்து நின்றார்கள். மிஷின் வரிசையில் உட்காரும் அதே ஒழுங்கில் நின்றார்கள். பாக்கெட்டுக்கும் மடிப்புக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.

காலர் சொன்னாள்: "கழுத்து மட்டும் எனக்குத் தெரியும், முகம் தெரியாது."

கை சொன்னாள்: "தோளில் கை வைக்கிறேன், யார் தோள் என்று கேட்டதில்லை."

பாக்கெட் சொன்னாள்: "பை தைக்கிறேன், அதில் போட என்னிடம் ஒன்றுமில்லை."

அப்புறம் யாரும் பேசவில்லை. ஒரு வரி சொல்லும் நேரம் போனது.

மடிப்பு சொன்னாள்: "அன்றைக்கு இந்தச் சட்டையை நாமே உடுத்திக்கொள்வோம்."

"என்னைக்கு?" என்று கேட்டான் தம்பி. அவன் எப்போது வந்து நின்றான் என்று யாருக்கும் தெரியாது.

மடிப்பு இவளைப் பார்த்தாள். "அது பட்டன் வரில இருக்கு தம்பி. அன்னைக்கே உன் கூப்பன்ல என்னன்னு இவகிட்ட ரெண்டு மூணு தடவை கேட்டோம். நான் அதெல்லாம் பாக்கறதில்லன்னுட்டா. கட்டு அக்காகிட்டயும் கேட்டோம். அது அவளுக்கு எழுதினது, அவளே ஒருநாள் சொல்லுவான்னுட்டாங்க. சாயங்காலம் வேலை போய்க் கிளம்புறப்பவும் அவங்க சொல்லல."

இவள் அந்தக் காலி இடத்தில் போய் நின்றாள். நினைவை எப்படி எப்படியோ கிளறினாள். கூப்பனின் மஞ்சள் நிறம் ஞாபகம் வந்தது, விரலில் ஒட்டிய பசை, கோணலாக ஏறிப்போகும் நீல மை. எழுத்து ஒன்றுகூட வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும்?

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. காலர் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கை சொன்னாள், பாக்கெட் சொன்னாள். இவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, டைம் ஆச்சு. தூக்கலாமா?" என்றான் தம்பி மெதுவாக.

மடிப்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இருப்பா. அவ இன்னும் சொல்லல."

தம்பி வெளியே போய், இன்ஜினை அணைக்கச் சொன்னான்.