பூதத்தின் ஊரில் அறை வாடகை

"ஒரு வாளும் ஒரு மாசச் சோறும் ஒரே விலையா?" என்றாள் வடிவம்மாள். "அந்தக் கடைக்காரன எனக்குக் காட்டு. பத்து வாள் வாங்கி மறுகடையில வித்துட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

மங்களேஸ்வரி விலை நோட்டைப் புரட்டினாள். மணி நான்கு. விளையாட்டில் வடிவம்மாளின் வீராங்கனை இன்னும் கடைத்தெருவையே தாண்டவில்லை.

மங்களேஸ்வரி தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கப்பலில் வேலை பார்க்கும் அவள் அண்ணன், எண்பத்திரண்டில் ஒரு வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தான். அதைப் பார்த்து இரண்டு வருடமாகத் தமிழில் ஒரு விளையாட்டை எழுதியிருந்தாள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாக மாறிப் பகடை உருட்டி, மாயமலைக் குகையில் பூதத்தின் புதையலை எடுக்க வேண்டும். இரண்டு அச்சகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது, சிவகாசி அச்சக முதலாளி வல்லிநாயகம். சீசனுக்காக மனைவி வடிவம்மாளோடு குற்றாலம் வந்தவர், "அஞ்சு மணி வரைக்கும் வெளையாடிக் காட்டும்மா, பிடிச்சா அச்சடிக்கேன்" என்று லாட்ஜுக்கு வரச் சொல்லியிருந்தார்.

"கூலி வீரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு காசு. சத்திரத்துல ஒருவேளைச் சோறு ரெண்டு காசு. அவன் என்னத்தத் திங்கான்? காத்தையா?"

வல்லிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏட்டி, வெளையாட்டுதான. பேசாம குகைக்குப் போ."

"நீங்க சும்மா இருங்க. உங்க அச்சாபீஸ் ஆளுக பொண்டாட்டிமாரக் கேளுங்க, இது வெளையாட்டான்னு சொல்லுவாளுவ."

அவள் சொன்னதில் பிழையில்லை. குகைக்கும் பூதத்துக்கும் இரண்டு வருடம் செலவழித்த மங்களேஸ்வரி, விலைப் பக்கத்தை மட்டும் ஒரே சாயங்காலத்தில் அந்த வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே காப்பியடித்திருந்தாள்.

விலை நோட்டை மூடினாள். சீசன் மூன்று மாதமும் மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் அறை வாடகை கேட்டுக் குற்றாலத்து லாட்ஜுகளுக்கு வரும் டிரங்க் கால்கள் அவள் காதுக்குள் ஒலித்தன. சட்டென்று குரலை மாற்றினாள்.

"சத்திரத்துக்காரன் பேசுதேன். அறை எட்டு காசு."

"இப்பதான அஞ்சுன்னே?"

"அப்ப சாரல் இல்ல. இப்ப விழுந்துட்டு. அருவில தண்ணி கொட்டுது. வேணும்னா எடுங்க, பின்னால நாலு ராஜகுமாரங்க நிக்காங்க."

வடிவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "படுபாவி! காலையில இந்த லாட்ஜுக்காரன் பேசுன அதே பேச்சு!"

வல்லிநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். பேரம் சூடு பிடித்தது. பகடையில் ஆறு விழ, வெந்நீரோடு ஆறு காசுக்கு அறை படிந்தது.

"தண்ணி வத்திட்டா என்ன விலை?"

"ரெண்டு காசு. அரிசியும் கயிறும்கூடப் பாதி விலைதான்."

"அருவிக்குத் தண்ணி எங்கன இருந்து வருது?"

"பூதத்தோட குகையில இருந்து."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ பூதத்தக் கொல்லப்படாது," என்றாள் வடிவம்மாள் மெதுவாக. "மூணு நாள் தண்ணிய நிறுத்தச் சொல்லணும். எறங்குன விலைக்குச் சாமானை வாங்கிப் போட்டுட்டு, பெறகு தொறந்துவிடச் சொல்லணும்."

"நானும் வாரேன்," என்று வல்லிநாயகம் பகடையைப் பறித்தார். "நான்தான் அந்தக் கூலி வீரன். மொதல்ல என் கூலிய ஏத்து!"

ஐந்து மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

குகையில் பூதம் புதையல் மேல் படுத்துக்கொண்டு கேட்டது: "தங்கத்த வச்சு நான் என்ன செய்ய? இந்த மலையில ஒரு பஜ்ஜிக் கடை உண்டா?" தினம் நாற்பது மிளகாய் பஜ்ஜிக்குப் பேரம் முடிந்தபோது மணி ஏழு.

"அச்சடிக்கேன்," என்றார் வல்லிநாயகம். "ஆனா அந்த விலைப் பக்கம் வேண்டாம். அதச் சீட்டுக்கட்டா மாத்து. சாரலுக்கு ஒரு சீட்டு, வெயிலுக்கு ஒண்ணு, திருவிழாவுக்கு ஒண்ணு. எழுதிக் குடுத்தா பொங்கலுக்குப் பெட்டியில போட்டுக் கடைக்கு அனுப்பிருவேன்."

"கூலி ஏறுததுக்கும் ஒரு சீட்டு வேணும்," என்றாள் வடிவம்மாள்.

"வெளையாட்டுலதான?" என்று கேட்டார் அவர்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே பகடையைப் பெட்டியில் போட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் சாரல் முகத்தில் அடித்தது. பக்கத்துத் தள்ளுவண்டியில் பஜ்ஜி மத்தியானத்தைவிட ஐந்து பைசா கூடியிருந்தது. மங்களேஸ்வரி பேரம் பேசவில்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணாச்சி, மழை விட்டா என்ன விலை?"