பந்து வராத ஓட்டங்கள்

கலியாண வீட்டில் தாலி ஏறுகிற நொடியில் சனம் முழுக்கத் தாலியைப் பார்க்கும். என் கமரா மட்டும் பொம்பிளையின் கண்ணைப் பார்க்கும். மொன்றியாலில் இருபத்தாறு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். அந்தக் கண்ணை என்னைப் போலப் பிடிக்கிற இன்னொருவன் இந்த நகரத்தில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், கடைத் திறப்புக் கொத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்தப் பெருமைதான் சாரங்கனின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடப் பார்த்தது.

சாரங்கன் சிவாஜினியின் மகன். சிவாஜினி சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசை அடைக்கிற வேலை செய்கிறாள். வில்லரேயில் என் வீடியோக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் தாயும் மகனுமாக இருக்கிறார்கள். தகப்பன் ரொறன்ரோவில் வேறு குடும்பம். சிவாஜினியின் கலியாண வீடியோவும் நான் எடுத்ததுதான். அதைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் வாய் திறப்பதில்லை.

பொடியனுக்குப் பத்தொன்பது வயது, ஆறடி இரண்டு அங்குலம். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான். காலால் உதைக்கிற பந்து இல்லை. தலையில் கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற விளையாட்டு. அதில் இவன் வைட் ரிசீவர். மைதானத்தின் ஓரத்தில் தனியே நிற்பான். ஆட்டம் தொடங்கியதும் முன்னால் ஓடுவான். நடுவில் நிற்கிறவன் பந்தை இவனுக்கு எறிந்தால் பாய்ந்து பிடிக்க வேண்டும். எறியாவிட்டால் சும்மா திரும்பி வர வேண்டும். “நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை எண்ட கதைதான்ரா உது” என்று முகத்துக்கு நேரேயே சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னர் இந்தப் பந்தைத் தொட்டே பார்க்காதவன். முதல் வருடம் மைதானத்து ஓர வாங்கிலில் குந்தியிருந்தான். இரண்டாம் வருடம் யாருக்காவது காயம் பட்டால் உள்ளே விட்டார்கள். இந்த வருடம் கல்லூரி அணியின் முதல் வரிசைக்கு வந்துவிட்டான். எல்லைக்கு அப்பால் போய் விளையாட வேண்டும், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தன்னை எடுக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

சிவாஜினிக்கு இந்த விளையாட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரே ஒருநாள் பார்க்கப் போனாள். அன்று வேறொரு தாயின் பிள்ளையைக் கழுத்துக்குப் பட்டி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்தத் திசைக்கே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்த ஆவணியில் மகனைக் கூப்பிட்டு முடிவாகச் சொன்னாள்.

“நத்தாருக்கு முன்னம் ஒரு யூனிவேசிற்றிக்காரன் எங்கட வாசலுக்கு வந்து உன்னைக் கேட்டா, போ. வராட்டி இந்தச் சனியனை விட்டுட்டு ஃபார்மசிப் படிப்புக்குப் போறாய். என்ர தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

அவன் சத்தியம் பண்ணினான். வில்லரேயில் மூன்றாம் மாடிக்கு எந்த அமெரிக்கன் கிறிஸ்மஸுக்குள் ஏறி வரப்போகிறான் என்ற துணிவில் அவள் கேட்ட சத்தியம் அது.

ஐப்பசியில் ஒருநாள் பொடியன் என் கடைக்கு வந்தான். அவனுடைய கோச் அல்பேட், ஹெயிட்டிக்காரர், நல்ல மனிசன். அமெரிக்காவில் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு இவனுடைய வீடியோ அனுப்பப் போகிறாராம். ஆனால் கல்லூரிக் கமரா எப்போதும் பந்துக்குப் பின்னாலேயே போகும். ஓரத்தில் நிற்கிற இவன் பாதி நேரம் படத்திலேயே இல்லை.

“மாமா, சனிக்கிழமை கடைசி மட்ச். நான் பந்து பிடிக்கிறதை மட்டும் வடிவா எடுத்துத் தந்தாக் காணும்.”

“எனக்குப் படிப்பிக்காதை. நீ பிறக்க முந்தியே கமரா தூக்கினவன் நான்.”

சனிக்கிழமை மத்தியானம் போனேன். குளிரில் விரல் விறைத்தது. யார் எங்கே ஓடுகிறார்கள், ஏன் விசில் ஊதுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் நான் முயலவில்லை. வயசுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீட்டில் என்ன செய்வேன்? பிள்ளையைத் தண்ணீர் வார்க்கக் கூட்டிவருவதில் இருந்து ஆலாத்தித் தட்டு சுற்றி முடியும்வரை கமரா பிள்ளையை விட்டு அசையாது. மற்றதெல்லாம் தானாக வந்து விழும். அதே மாதிரி சாரங்கனை விட்டுக் கமராவை எடுக்கவே இல்லை.

ஆட்டம் முடிகிற நேரம் நீளமாக ஒரு பந்து வந்தது. சனம் எழும்பிக் கத்தியது. இதுதான் தாலி கட்டுகிற நொடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகவே வேலை செய்தது. கிட்டே இழுத்து, கவசத்துக் கம்பிகளுக்குள்ளே அவன் கண்ணைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் பிடித்த ஆகச் சிறந்த கண் அது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை பொடியன் கடைக்கு வந்து பார்த்தான். முதலில் பொன் எழுத்தில் அவன் பெயர், ரோசாப்பூ இதழ்கள் விழுகின்றன, பின்னால் நாதஸ்வரம். பிறகு அவன் ஓடுகிறான், நிற்கிறான், மறுபடி ஓடுகிறான். கடைசியில் அந்தக் கண். அதோடு சரி.

“மாமா... பந்து எங்க?”

“எந்தப் பந்து?”

“நான் பிடிச்ச பந்து. கை தெரியேல்லை. பிடிச்சதே தெரியேல்லை.”

திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் தலையில் இடி விழுந்தது. கண் இருந்தது. கை இல்லை, பந்து இல்லை. அந்த வருடத்தில் அவன் பிடித்த ஆகப் பெரிய பந்து படத்துக்கு வெளியில் எங்கேயோ போய்விட்டது. அன்று அவன் பிடித்த மற்ற நாலு பந்தையும் பார்த்தேன். பந்து எங்கிருந்து வந்தது, யார் எறிந்தது, எவ்வளவு தூரம், ஒரு கோதாரியும் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

அவன் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். ஏசவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “பரவாயில்லை. மெர்சி, மாமா” என்று நன்றி சொல்லிவிட்டுப் படியேறிப் போனான். எனக்கு வாய் கசந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒருவருடைய கலியாணத்தையும் நான் பழுதாக்கியதில்லை. ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையையும் பழுதாக்கிவிட்டேனே என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

கடைக் கதவைப் பூட்டினேன். ஏதாவது தேறுமா என்று எல்லாவற்றையும் முதலில் இருந்து பார்க்கத் தொடங்கினேன். ரோசாப்பூவைக் கழற்றி எறிந்தேன். நாதஸ்வரத்தையும் நிறுத்தினேன். அன்றைக்கு அவன் அறுபத்தொரு தரம் ஓடியிருந்தான். அதில் ஐந்து தரம்தான் பந்து அவனுக்கு வந்தது. மற்ற ஐம்பத்தாறும் வீண் ஓட்டம் என்று வெட்டி எறியக் கையை வைத்தேன்.

அப்போதுதான் கண்டேன். பதினாலாவது ஓட்டம். படத்தின் பின்னால், தூரத்தில் பந்து மற்றப் பக்கம் போகிறது. இவனுக்கு அது வராது என்று இவனுக்கே தெரியும். ஆனாலும் உயிரைக் கொடுத்து ஓடுகிறான். எதிராளிகள் இரண்டு பேர் பந்து இவனுக்குத்தான் என்று நம்பி இவன் பின்னாலேயே போகிறார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தால் இவனுடைய கூட்டாளி தனியே ஓடுகிறான். சனம் அவனுக்குக் கைதட்டுவது கேட்கிறது. சாரங்கன் திரும்பி நடந்து வந்து தன் இடத்தில் குனிந்து நிற்கிறான்.

நாற்பதாவது ஓட்டத்தில் இவன் இடிபட்டு முகம் குப்புற விழுந்து கிடக்கிறான். பந்து எதிராளியின் கையில் அகப்பட்டுவிட்டது. அவன் மற்றத் தொங்கலில் இருக்கிற எல்லைக் கோட்டுக்கு ஓடுகிறான். இவன் எழும்பினான். எழும்பின வேகத்தை நான் என்னவென்று சொல்ல! மைதானம் முழுவதையும் குறுக்கே கடந்து துரத்தி, கோட்டுக்கு இரண்டு அடி இருக்கையில் அவனைப் பிடித்து விழுத்தினான். என்னுடைய கமராவே மூச்சு வாங்கியது.

எனக்கு ஒரு ஐமிச்சம் வந்தது. தொழில்காரனுக்கு வருகிற சந்தேகம். முதலாவது ஓட்டத்தை எடுத்து, அதன் மேலே கடைசி ஓட்டத்தைப் பாதி தெரிகிற மாதிரி வைத்தேன். கலியாண வீடியோவில் பொம்பிளையின் முகத்துக்கு மேலே மாப்பிள்ளையின் முகத்தைக் கொண்டுவருவோமே, அந்த வேலைதான். முதலாவதில் பந்து வரவில்லை. கடைசியில்தான் அந்தப் பெரிய பந்து. இரண்டு சாரங்கனும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து அடியும் ஒரே வேகத்தில், ஒரே எண்ணிக்கையில் விழுந்தன. தலை திரும்பியதும் ஒரே நேரம். திரையில் ஒரே ஒருவன்தான் ஓடினான். இடையில் மூன்று மணித்தியாலக் குளிரும் ஐம்பத்தொன்பது ஓட்டமும் அவன் உடம்பில் இல்லவே இல்லை.

கடவுளே, இந்தப் பொடியனையா நாய்க்கு வேலையில்லை என்று சொன்னேன்! என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன்.

அல்பேட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே முழுவதையும் பார்த்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: வெட்டாமல் அனுப்புங்கோ, ஒன்றையும் வெட்ட வேண்டாம். அவர் என் தோளில் ஒரு அடி போட்டார். இன்றைக்கும் அந்த இடம் நோகிறது.

கார்த்திகை முழுக்க ஒரு பதிலும் இல்லை. பனி கொட்டியது. சிவாஜினி ஃபார்மசிப் படிப்புக்கான படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பொடியன் அதை நிரப்பினான். எனக்கு அவர்கள் முகத்தில் முழிக்கப் பயமாக இருந்தது. பின்கதவால் கடைக்குப் போய் வந்தேன்.

மார்கழி பதினேழாம் திகதி, கிறிஸ்மஸுக்கு எட்டு நாள் இருக்கையில், பின்னேரம் நாலு மணிக்கு, சப்பாத்தெல்லாம் பனியோடு ஒரு வெள்ளைக்கார மனிசன் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். கூடவே அல்பேட். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ரிசீவர் கோச். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இடமும் தந்து, படிப்புச் செலவையும் தாங்களே பார்ப்பதாகச் சொன்னார்.

சிவாஜினி றோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“தியாகு அண்ணை, வாசலுக்கு வந்தா விடுறன் எண்டு நான்தான் சொன்னனான். சொன்னது சொன்னதுதான். ஆனா என்னாலை ஏலாதண்ணை. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. எப்பிடி அனுப்புவன்?”

“அம்மா வேண்டாமெண்டா நான் போகேல்லை” என்றான் சாரங்கன். தலையை நிமிர்த்தவில்லை.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அமெரிக்கர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, தான் ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் என்பதையாவது அம்மா பார்க்கட்டும் என்று கொம்பியூட்டரைத் திறந்தார். என்னுடைய வீடியோ.

முதலில் அந்தக் கண்ணைப் போட்டார். இரண்டு பக்கத்தாலும் மலை மாதிரி இரண்டு எதிராளிகள் வருவது படத்தின் ஓரத்தில் தெரிந்தது. “ஐயோ, இடிக்கப் போறாங்கள்!” என்று சிவாஜினி முகத்தைப் பொத்தினாள்.

“கையை எடு பிள்ளை! அவன்ர கண்ணைப் பார்!” என்று கத்தினேன்.

விரல் இடுக்கால் பார்த்தாள். இடி விழுந்தது. அந்தக் கண் இமைக்கவில்லை. படத்தில் இல்லாத அந்தப் பந்தைவிட்டுக் கடைசிவரை விலகவே இல்லை.

“நோகேல்லையோடா?”

“நொந்ததுதான் அம்மா. ஆனா பிடிச்சாப் பிறகுதான் நொந்தது.”

அவர் மற்ற ஓட்டங்களைப் போட்டார். அவள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“பந்து அங்கால எல்லோ போகுது? இவன் ஏன் இப்பிடி விழுந்தடிச்சு ஓடுறான்?”

அடுத்த ஓட்டம். அதற்கு அடுத்தது. அவளுடைய வாய் மெல்லத் திறந்தது. பதினாலாவதைப் பார்த்தாள். இருபதாவதைப் பார்த்தாள். முப்பதாவதில் அழத் தொடங்கினாள்.

“இதையெல்லாம் ஆர் அண்ணை பாத்தது?”

“ஒருத்தரும் பாக்கேல்லை பிள்ளை. எல்லாரும் பந்தைத்தான் பாத்தவை.”

“நானும் பாக்கேல்லையே! மூண்டு வருசமாப் பிள்ளை இப்பிடி ஓடியிருக்கிறான். பெத்தவள் நான் ஒருநாளைக்கு மேல போய்ப் பாக்கேல்லையே!”

அம்மா பயந்துவிட்டார் என்று அமெரிக்கர் நினைத்திருக்க வேண்டும். அவசரமாக நிறுத்தி, பொடியன் பந்து பிடித்த நல்ல இடங்களுக்குப் போகப் பார்த்தார். சிவாஜினி அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

“அண்ணை, பிடிக்கிறதை வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பந்து வராததைப் போடச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் நான் பாக்கோணும். பாத்து முடிச்சிட்டுக் கையெழுத்து வைக்கிறன், அவர் இருந்துதான் போகோணும்.”

சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு வசதியாக இருந்தார். சாரங்கன் எழும்பி வந்து தாயின் காலடியில் நிலத்தில் குந்தினான். இன்னும் முப்பது ஓட்டமளவில் இருந்தது.